வெள்ளைத் துணியில் பிடித்த புகை

போன வாரம் பழைய ஆபீஸிலிருந்து போன். நான் ரிடையர் ஆன பிறகு அங்கிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, யாருக்காவது கல்யாணம். இல்லையென்றால் எதையாவது காணோம். இந்த முறை புதுசாக, ஏதோ கிடைத்திருக்கிறதாம்.

"அக்கா, குடோனைக் காலி பண்றோமுங்க. ஒரு தடி ஃபைல் கெடைச்சுதுங்க. உள்ள பூராவும் அழுக்குத் துணியா குத்தி வெச்சிருக்குது. தேதி வேற போட்டிருக்குது. எலி கிலி இழுத்துட்டு வந்து வெச்சிருக்குமுங்களா?"

"தேதி போடற எலியா? அதையப் புடிச்சு ஸ்டோர்ஸ்ல வேலைக்கு வெச்சுக்கங்க. உங்களைவிட நல்லா ரெக்கார்டு எழுதும்."

"தூக்கிப் போட்டுறலாமுங்களா அக்கா?"

"கை வெச்சுப் பாருங்க, அப்புறம் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? இன்றைக்குக் கூரையில் சோலார் தகடு, கையில் போன், போனில் எத்தனை யூனிட் என்று பச்சைக் கோடு. புகையைத் துணியில் பிடித்துப் படித்தோம் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். ஆனால் தூக்கிப் போட விடமாட்டேன்.

எங்கள் கம்பெனி டீசல் ஜெனரேட்டர் விற்று, சர்வீஸும் செய்தது. நான் எஸ்டிமேட் செக்ஷன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்த மூன்று பெண்களில் இரண்டு பேர் கல்யாணமாகிப் போனார்கள். நானும் கல்யாணமாகிப் போனேன், அப்படியே வேலைக்கும் போனேன். அவ்வளவுதான் என் படிப்புக் கதை. ஆபீஸில் எனக்கு ஃபில்டர் டப்பாக்களுக்கு நடுவே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதல் ஒரு வருடம் வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்து, "இன்ஜினியர் இல்லீங்களா அம்மிணி?" என்று கேட்பார்கள். "இருக்கறாருங்க, பேசறாருங்க" என்பேன்.

அவிநாசியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணி, "ஆறு ஃபேன், பத்து லைட்டு, ஒரு டிவி, முடிஞ்சுதுங்க" என்றார். அப்படியே எழுதி, அதற்கேற்ற மெஷின் போட்டோம். பூஜை போட்டு ஸ்டார்ட் செய்தோம். கால் மணி நேரத்தில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் கிரைண்டர் ஓடுகிறது, அயர்ன் பாக்ஸ் சூடாகிறது, குளியலறையில் ஹீட்டர். "இதையெல்லாம் சொல்லவே இல்லீங்களே?" என்றேன். "அதெல்லாம் ஊட்டுக்காரி சாமானுங்க" என்றார் மனுஷர். ஊட்டுக்காரி சாமானுக்குக் கரண்ட் வேண்டாம் போலிருக்கிறது! அன்றோடு நான் ஹாலில் உட்கார்ந்து எஸ்டிமேட் எழுதுவதை விட்டேன். நேரே சமையலறை. பெண்களைக் கேட்டு எழுதிய என் எஸ்டிமேட் தப்பாது என்று ஒரு பேர் கிடைத்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. அந்தத் தலைக்கனம் எங்கே போய் இடித்துக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் மேனேஜர். பழனிச்சாமி சார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "வாங்க" என்பவர், கோபமாக இருந்தால் "வாங்கங்க, உட்காருங்கங்க, நெம்ப நல்லா வேலை பார்த்திருக்கறீங்கங்க" என்பார். ஒரே மூச்சில் மூன்று 'ங்கங்க' விழுந்தால் மெக்கானிக்குகளுக்கு வியர்க்கும்.

அவருடைய முறை இது. பனியன் கம்பெனியில் கட்டிங் மீதி வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஊரில் எல்லா மெக்கானிக்கும் அதில்தான் கை துடைப்பான். சார் அதில் சலவை செய்த வெள்ளையாகப் பார்த்து உள்ளங்கை அளவு வெட்டி, ஒரு டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். எந்த ஜெனரேட்டரைப் பார்க்கப் போனாலும் முதலில் மீட்டரைப் பார்க்க மாட்டார். குறட்டில் ஒரு துணியைக் கவ்வி, சைலன்சர் வாயில் நீட்டி, மனதுக்குள் பத்து எண்ணுவார். பிறகு வெளிச்சத்தில் பிடிப்பார், முகர்வார், இரண்டு விரலால் தேய்ப்பார். சாம்பல் நிறமாக, காய்ந்து இருந்தால் இன்ஜின் நலம். காய்ந்த கரி என்றால் தாங்க முடியாத பாரம் இழுக்கிறது. கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று ஒட்டினால் வேலையே இல்லாமல் சும்மா ஓடுகிறது. டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் வருகிறது. பார்த்த துணியில் தேதியும் வீட்டுப் பெயரும் எழுதி ஃபைலில் குத்திவிடுவார். "ஆளுங்க மாத்திப் பேசுவாங்க. துணி மாத்திப் பேசாதுங்க" என்பார்.

கரண்ட் போவது செய்தியாக இல்லாமல், வருவது செய்தியாக இருந்த வருடங்கள் அவை. தோட்டத்து வீடுகளில் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் டீசல் கேனோடு பெட்ரோல் பங்க்குக்கு அலைந்தார்கள். குண்டடம் பக்கம் பெரிய பெரிய காத்தாடிகள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை: வீட்டுக்கு ஒரு சின்னக் காத்தாடி, அதோடு பாட்டரி, கூடவே டீசல். காற்று அடித்தால் டீசல் மிச்சம், அடிக்காவிட்டால் டீசல் ஓடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

இதில் இரண்டு கோளாறு. முதலாவது, டீசல் இன்ஜினின் குணம். கால்வாசி வேலை கொடுத்தால் கால்வாசி டீசல் குடிக்கும் என்று நினைப்போம். குடிக்காது, கிட்டத்தட்ட பாதி குடிக்கும். சும்மா நின்று சுற்றுவதற்கே அதற்குத் தீனி வேண்டும். காற்று முக்கால் பாரத்தைத் தாங்கி, மீதிக்கு இன்ஜினையும் ஓடவிட்டால் மிச்சம் என்பது பேருக்குத்தான். ஓடினால் முழு வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது கோளாறு நான். எங்கள் பக்கம் ஆடியில் அடிக்கிற காற்று ஆளைத் தள்ளும். ஆடியில்தான் மக்களுக்குக் காத்தாடி ஆசையும் வரும், கூப்பிடுவார்கள். நான் மூன்று கிண்ணம் சுற்றும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அளப்பேன். முள் துள்ளும். ஆனால் ஆடியில் புதுசாக எதுவும் வாங்க மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். அப்புறம் முகூர்த்தம், அப்புறம் மழை. காத்தாடி நட்டு முடிக்கும்போது காற்று ஊரைவிட்டே போயிருக்கும். ஆடியில் அளந்த எண்ணைப் பன்னிரண்டு மாதத்துக்கும் விரித்து எஸ்டிமேட் எழுதிய புத்திசாலி நான்தான்.

அப்படி எழுதிய வீடுகளில் ஒன்று குண்டடம் செல்லமுத்து அண்ணன் வீடு. திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட், குடியிருப்பு தோட்டத்தில். மனைவி தெய்வானையக்கா. ஒரே மகள் கோகிலா, அந்த வைகாசியில் கல்யாணமானவள். ஆடி பிறந்ததும் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள் அல்லவா, சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்று? கோகிலாவையும் முறையாக அழைத்து வந்திருந்தார்கள். நான் காற்று அளக்கப் போன அன்று வாசலில் மாப்பிள்ளையின் பைக் நின்றது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்றார். குண்டடம் எந்த ஊருக்கு இந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. காற்றோடு அந்த பைக்கையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் தெய்வானையக்காவே போன் செய்தார். "கோகிலா முழுகாம இருக்கறா. சித்திரையில நாள் சொல்லியிருக்கறாங்க. நீங்க ஊட்டுக்கு வாங்க, ஒரு வெசனமுங்க."

சமையலறையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். சம்பந்தியம்மா ராஜேஸ்வரிக்குத் திருப்பூரில் பெரிய வீடு, அறைக்கு அறை ஏசி. "தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதான், அது முறை. ஆனா சித்திரையில கரண்ட் இல்லாத தோட்டத்துக்கு எப்படிங்க தாட்டி உடறது? ஏசி ஓடும்னா கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு இருக்கறது ஒரே புள்ளை. அவ பிரசவத்த நான் பாக்காம யாரு பாப்பாங்க? மூணு மாசம் என்ர கையால சோறு போட்டு அனுப்போணும். ஏசி ஓடறாப்பல பண்ணிக் குடுங்க அக்கா" என்றார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்னை அக்கா என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் எழுதினேன். ஏசி ஒன்று, ஃபேன், லைட், கிரைண்டர், போர் மோட்டார். காற்று பாதி, டீசல் பாதி. சார் எஸ்டிமேட்டைப் பார்த்து, "காத்து எப்ப அளந்தீங்க?" என்றார். "அளந்தாச்சுங்க சார்" என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. தையில் காத்தாடியும் நட்டாகிவிட்டது. சம்பந்தியம்மா வந்து அண்ணாந்து பார்த்தார், ஏசியின் கீழே கை நீட்டிப் பார்த்தார், சரி என்றார்.

சித்திரை வந்தது. தாராபுரம் ஆஸ்பத்திரியில் கோகிலாவுக்குப் பெண் குழந்தை. ஐந்தாம் நாள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. பெருமை பத்து நாள் நின்றது. அப்புறம் செல்லமுத்து அண்ணன் போன்.

"ஏனுங்க, காத்தாடி வெச்சா டீசல் கொறையும்னீங்க. பாதி நாளு அது சுத்தாம பொட்டாட்ட நிக்குது. இன்ஜினு பகலெல்லாம் ஓடுது. கொடியில காயப்போட்ட கொழந்தைத் துணியெல்லாம் கறுப்புப் புள்ளி. என்னதானுங்க வித்தீங்க?"

சார் நான் காற்று அளந்து எழுதிய நோட்டை எடுத்து வரச் சொன்னார். தேதியைப் பார்த்தார். "ஆடியில அளந்திருக்கறீங்கங்க. நெம்ப நல்லா அளந்திருக்கறீங்கங்க. வண்டியில ஏறுங்கங்க." மூன்று! ஓடிப் போய் வண்டியில் ஏறினேன்.

மத்தியான வெயிலில் போய் இறங்கினோம். காத்தாடி அசையவில்லை. செல்லமுத்து அண்ணன் யூனிட்டுக்குப் போயிருந்தார். இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. சார் குறட்டையும் துணியையும் எடுத்து நீட்டி, பத்து எண்ணினார். துணியைத் திருப்பினார். தார் பூசியது போல் கறுப்பு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"அம்மிணி, இந்த ஊட்ல ஏசி ஓடலீங்க."

"அதுக்குத்தானுங்க சார் இன்ஜினே ஓடுது?"

"இது வேலை இல்லாம ஓடற புகைங்க. போய்ப் பாருங்க."

சுவரோரம் சுற்றிப் போனேன். ஏசியின் வெளிப்பெட்டி சத்தமே இல்லாமல் இருந்தது. அதன் தலையில் ஒரு முறம், முறத்தில் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தெய்வானையக்கா பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதீங்க அக்கா. பச்சை ஒடம்புக்காரிக்கு ஏசி போடலாமுங்களா? சன்னி புடிச்சுக்காதா? நான் முதல் நாளே நிறுத்திப்போட்டேன். ஃபேனும் போடறதில்லீங்க."

"அப்புறம் இன்ஜின் எதுக்குங்க ஓடுது?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எடுத்தார். "ஆமாங்க சம்பந்தி… ஓடுதுங்க… நீங்களே கேளுங்க" என்று போனை ஜன்னலுக்கு வெளியே, இன்ஜின் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை. ஒரு டீசல் இன்ஜின், தன் சத்தத்தைச் சம்பந்திக்குக் கேட்க வைப்பதற்காக மட்டுமே பகல் முழுக்க ஓடுகிறது! என் எஸ்டிமேட் ஃபாரத்தில் இதற்குக் கட்டமே இல்லை.

போனை வைத்ததும் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லடம் தாண்டிட்டாங்களாம். இங்கதான் வந்துட்டிருக்கறாங்க. ஏசி ஓடலைன்னு தெரிஞ்சா இன்னைக்கே புள்ளையையும் கொழந்தையையும் கூட்டிட்டுப் போயிருவாங்க அக்கா. உங்க சார்கிட்டச் சொல்லி ஒண்ணும் பேசாம இருக்கச் சொல்லுங்க."

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் துணியில் தேதி எழுதிக்கொண்டே, "கேட்டா பொய் சொல்ல மாட்டேனுங்க" என்றார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கார் வந்தது. ராஜேஸ்வரியம்மா தோளில் ஒரு பையோடு இறங்கினார். நேரே அறைப் பக்கம் நடந்தார். தெய்வானையக்கா, "மோர் குடிச்சுட்டுப் போலாமுங்க, சித்தெ உக்காருங்க" என்று பின்னாலேயே ஓடினார். கதவு திறந்துவிட்டது.

உள்ளே அடுப்படிச் சூடு. ஜன்னல் சாத்தியிருந்தது. சாம்பிராணிப் புகை. கோகிலா காதில் பஞ்சும் தலையில் துண்டுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

ராஜேஸ்வரியம்மா நின்றார். அண்ணாந்து ஏசியைப் பார்த்தார். கை நீட்டிப் பார்த்தார். தெய்வானையக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏசி ஓடலீங்களா சம்பந்தி?"

"இல்லீங்க" என்றார் தெய்வானையக்கா.

"அப்பாடா!" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார் ராஜேஸ்வரியம்மா. "நல்ல வேளைங்க! பச்சை ஒடம்பு ஏசியில கெடக்குதேன்னு எனக்குப் பத்து நாளா தூக்கமே இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருதான் ஏசி இல்லாம உடமாட்டேன்னு குதிச்சாரு. ஆம்பளைகளுக்கு என்னங்க தெரியும்? தெனமும் போன் பண்றது, நிறுத்தியிருப்பீங்களான்னு பாக்கத்தானுங்க. நீங்க என்னடான்னா ஓடுது ஓடுதுங்கறீங்க!" பையைத் திறந்தார். உள்ளே இரண்டு கம்பளிக் குல்லாய்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. குண்டடத்துச் சித்திரையில், கம்பளிக் குல்லாய்.

இரண்டு சம்பந்திகளும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் பாரம் இறங்கிவிட்டது. ஆக யாருக்குமே ஏசி வேண்டாம், இன்ஜினை நிறுத்தலாம், டீசல் மிச்சம், எல்லாம் சுபம் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வேணும்."

கட்டிலிலிருந்து வந்தது குரல். கோகிலா காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். "எனக்கு ஏசி வேணும். வேர்த்து வேர்த்துக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கொழந்தை கழுத்தப் பாருங்க. பத்து நாளா அந்த இன்ஜின் சத்தம் மட்டும் கேக்குது, காத்து வர்றதில்ல. நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கறீங்க. யாராச்சும் ஒருத்தர் என்னையக் கேட்டீங்களா?"

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. அவள் அப்பாவைக் கேட்டேன், அம்மாவைக் கேட்டேன், மாமியார் சொன்னதைக் கேட்டு எழுதினேன். பெண்களைக் கேட்டு எழுதுகிறவள் என்று பேர் வாங்கியவள்! அந்த அறையில் படுக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதெல்லாம் கூடாது கண்ணு, நாப்பது நாளு பொறுத்துக்க" என்றார் தெய்வானையக்கா. "ஆமா சாமி, அம்மா சொல்றது சரிதான்" என்றார் ராஜேஸ்வரியம்மா. வாழ்க்கையில் முதல் முறையாகச் சம்பந்திகள் ஒரே கட்சி. கோகிலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சார் வாசற்படிக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். குறட்டில் அந்தக் கறுப்புத் துணி.

"தப்பா நெனைக்காதீங்க. இதையச் சித்தெ பாருங்க. இன்ஜினு வேலை இல்லாம ஓடி ஓடி நெஞ்செல்லாம் கரி கட்டிருச்சுங்க. இப்படியே உட்டா போயிருமுங்க. பகல்ல மூணு மணி நேரமாச்சும் நல்லா பாரம் குடுத்து ஓட்டி, உள்ள இருக்கற கரியை எரிச்சாவணுமுங்க. ஏசியப் போட்டுத்தான் ஆகோணுமுங்க."

"அய்யய்யோ! புது இன்ஜினாச்சுங்களே!" என்றார் தெய்வானையக்கா. "எவ்வளவு போட்டு வாங்குனது!"

"இன்ஜினு கெட்டா அப்புறம் என்னங்க பண்றது? போட்டுத் தொலைங்க சம்பந்தி" என்றார் ராஜேஸ்வரியம்மா. "ரொம்பக் கூலு வேண்டாம். காத்து கட்டில் பக்கம் வராம மேல திருப்பி உடுங்க."

பெற்ற பெண்ணுக்காகப் போடாத ஏசியை இன்ஜினுக்காகப் போட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். ஏனென்றால் பாரம் கொடுக்க ஏசிதான் வேண்டுமென்று இல்லை. போர் மோட்டாரும் கிரைண்டரும் பாட்டரி சார்ஜும் ஒன்றாக ஓடினாலே போதும். எனக்குத் தெரியும், சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சார் என் பக்கம் திரும்பி, "நீங்க போய் வெங்காய மொறத்த எடுத்து வையுங்கங்கம்மிணி" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு முறத்தை எடுக்கப் போனேன்.

கிளம்புவதற்கு முன் சார் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். மத்தியானம் மூன்று மணி நேரம் இன்ஜின்: ஏசி, மோட்டார், கிரைண்டர், பாட்டரி எல்லாம் ஒன்றாக. மற்ற நேரம் நிறுத்தம். இரவில் பாட்டரியில் ஃபேன். "பொழுதோட மேக்கால இருந்து சித்தெ காத்து வருமுங்க, சித்திரையிலயும் வரும்" என்றார் தெய்வானையக்கா. நான் எப்போதும் காலை பஸ்ஸில் போய் இறங்கி அளந்தவள். பொழுதோடு வரும் காற்று என் கருவிக்குத் தெரியாது. அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் காத்தாடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஃபேனுக்கு ஆகும்.

கோகிலா எங்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெற்றி காய்ந்திருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் அந்தக் கம்பளிக் குல்லாய் இருந்தது, அதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை.

வண்டியில் வரும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "சார், மோட்டாரும் கிரைண்டரும் போட்டிருந்தாலே பாரம் போதுமுங்களே? துணி மாத்திப் பேசாதுன்னு சொல்லுவீங்க?"

"துணி ஒண்ணும் மாத்திப் பேசலீங்க. பாரம் வேணும்னுச்சு, குடுத்தோம்." துணி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு, "மோட்டாருக்கு வேர்க்காதுங்க அம்மிணி" என்றார்.

மறுநாளிலிருந்து என் எஸ்டிமேட் ஃபாரத்தின் முதல் வரியை நானே பேனாவில் எழுதிச் சேர்த்தேன்: 'இந்த அறையில் படுப்பவர் யார்? அவரைக் கேட்டாயிற்றா?' ரிடையர் ஆகும் வரை அதை நிரப்பாமல் ஒரு எஸ்டிமேட்டும் போகவில்லை. கோகிலா மூன்று மாதமும் தாய் வீட்டில் இருந்துவிட்டு, ஆடிக் காற்றில் காத்தாடி பறக்கப் பறக்கத் திருப்பூர் போனாள்.

அந்த ஃபைலில் குண்டடம் வீட்டுக்கான தாளில் இரண்டு துணிகள் இருக்கும். ஒன்று தார்க் கறுப்பு. பத்து நாள் கழித்து எடுத்த இன்னொன்று, லேசான சாம்பல். சார் இப்போது இல்லை. அவர் பிடித்த புகை இருக்கிறது.

இன்று காலை மறுபடி ஆபீஸிலிருந்து போன். "அக்கா, பழைய சாமான்காரர் வந்து நிக்கறாருங்க. அந்த ஃபைலைக் குடுத்துறலாமுங்களா? ஒரு வார்த்தை உங்களைக் கேட்டுக்கலாம்னு…"

"கேட்டீங்களே, நல்லா இருப்பீங்க கண்ணு" என்றேன். "அவரைச் சித்தெ நிக்கச் சொல்லுங்க. நான் பஸ் ஏறிட்டேன்."